ரெண்டு நிமிசம்

ரெண்டு நிமிசம் ஓடும்.
அப்புறம் சொல்லாமக் கொள்ளாம நின்னுரும்.
தலையில் பாதி ஈரம், பாதி வெக்கை.
மேசையில் கிடத்திவிட்டு ஒரு தோசை சுட்டு வந்தால்
ஒண்ணும் நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

ஜங்ஷன் கடையில் கோமதிநாயகம்
கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.
"ஹேர் டிரையருக்கு யாருக்கா பார்ட்ஸ் விக்கான்?
தூரப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."
திருப்பி மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பிளக்கைப் பிடுங்கி
என் கண்முன்னாலேயே வைத்துக்கொண்டேன்,
ஒத்தாசை செய்வதாக நினைத்து யாரும் சொருகிவிடாதபடி.
வெளியே தெரிந்த திருகாணி ரெண்டு.
மூன்றாவது கம்பெனி ஸ்டிக்கருக்கு அடியில்.
நகத்தால் தடவினால் சின்னப் பள்ளம்.

பின்பக்கச் சல்லடையில் பஞ்சு
கம்பளித் துண்டு மாதிரி உரிந்து வந்தது.
காற்றாடித் தண்டில் முடி:
என்னுடையது நீளம், மகளுடையது சுருள்,
'எனக்கெதுக்கு இதெல்லாம்' என்கிறவருடையதும் ஒன்றிரண்டு,
நுனி மை, அடி வெள்ளை.
பார்த்தேன். கேட்கப் போவதில்லை.

காற்றுக்கு மூச்சு முட்டினால் கம்பி காந்துகிறது.
காந்தினால், பொட்டு அகலத் தகடு ஒன்று
வளைந்து கரண்டை விட்டு விலகிக்கொள்கிறது.
ஆறினால் நிமிர்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது.
இத்தனை நாள் நான் வைததெல்லாம் அந்தத் தகட்டைத்தான்.
அது பாட்டுக்கு
வீடு பற்றிக்கொள்ளாமல் பார்த்திருக்கிறது.

பழைய பல் பிரஷால் மெல்லத் தட்டினேன்.
மைக்கா அட்டை இடுக்கிலிருந்து
பேப்பரில் உதிர்ந்தது
பஞ்சில்லை, பவுடரில்லை.
விரலில் வைத்துத் தேய்த்தேன்.
வண்டல்.

அந்த மார்கழியில்
ஆறு சிந்துபூந்துறைத் தெருவுக்குள் வந்து போன மூன்றாம் நாள்
கரண்ட் முதலில் வந்தது எங்கள் மாடிக்கு.
ரேஷன் கார்டு, பட்டா, பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட்,
மைதீன் பாஸ்போர்ட்,
விசா ஒட்டிய பக்கத்தை ஊதும்போது
அவர் தன் வாயாலும் கூடவே ஊதினார்.
படிக்கட்டு முழுக்க ஆள்.
அன்றைக்கும் இது நின்று நின்றுதான் ஓடியது.
நின்றால், "சூடு ஆறட்டும்" என்று கடைசிப் படிவரை சொல்லி அனுப்புவார்கள்.
ஒருத்தர் சலித்துக்கொள்ளவில்லை.
தண்ணி லாரிக்கு நிற்கிற அதே ஆட்கள்தான்.

கடைசியாய்ப் பிரமு அக்காவின் சீட்டு நோட்டு.
தாள் தாளாய்ப் பிரித்து ஊதினேன்.
குத்தாலிங்கம் பேருக்கு நேரே
மை விரிந்து, தலைமாட்டில் லேசாய் இழுபட்டு
ஒன்று போலவும் ஏழு போலவும் ஓர் எண்.
பின்னால் மூன்று சைபர், அச்சடித்தது போலத் தெளிவாக.
அவர் ஒண்ணுங்கார். அக்கா ஏழுங்கா.
இன்றுவரை தீரவில்லை.
அவள் ஊதினதில்தான் மை நகர்ந்துச்சு என்பதில் மட்டும்
ரெண்டு பேருக்கும் ஒரே வாக்கு.

வண்டலைத் தொட்டியில் தட்டவா, குப்பையில் போடவா
என்று கொஞ்ச நேரம் நின்றேன்.
குப்பையில்தான் போட்டேன்.

கைப்பிடியோரம் வயர் உறை வெடித்துச் செம்பு தெரிந்தது.
இறுக்கிச் சுற்றிச் சுற்றி வைத்த என் கைங்கரியம்.
நான்கு விரல்கடை வெட்டி எறிந்து,
மிச்சத்தைச் சீவி, கனெக்டரில் முடுக்கி,
மூன்று திருகாணியும் போட்டு
ஸ்டிக்கரை மட்டும் ஒட்டாமல் விட்டேன்.
அடுத்த முறை தேட வேண்டாம்.

சுவிட்ச்.
முதல் மூச்சில் எங்கேயோ மிச்சமிருந்த ஒரு துளி மண்
கண்ணாடியில் பட்டு ஒட்டியது.
ரெண்டு நிமிசம்.
மூணு.
தலை காய்ந்த பிறகும் அணைக்க மனசில்லாமல்
நாலு.

கதவு தட்டுகிற சத்தம்.
பிரமு அக்கா. கக்கத்தில் நோட்டு.
"சத்தம் கேட்டுச்சு. சரியாயிட்டா?
ஒரு ஊது ஊதிப் பாரேன் தாயி."

சூட்டில் வைக்கவா, குளிரில் வைக்கவா என்றேன்.

"ஏழு எதுல தெரியும்?" என்றாள்.